பழைய புல்லட்டில் கேம் டைமிங் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது காஸ்ட் அயர்ன் இன்ஜின் உள்ள ராயல் என்ஃபீல்ட் 350 புல்லட்டுக்காக எழுதியது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வடிவம். 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரானது. 2010 வாக்கில் நின்றுபோனது. இன்றும் வீட்டுக் கொட்டகையில் பிரித்துச் சேர்க்கக்கூடிய இன்ஜின் அது. சேர்க்கும்போது அதிகம் பேர் தடுமாறும் இடம் வலது பக்க டைமிங் கவருக்குள்தான் இருக்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெயர்களை ஒர்க் ஷாப்பில் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்: பிஸ்டன் உச்சியில் நிற்பது டாப், அடியில் நிற்பது பாட்டம்.

கேம் டைமிங் என்பதும் இக்னிஷன் டைமிங் என்பதும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பிஸ்டன் எங்கே இருக்கும்போது வால்வு திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பது கேம் டைமிங். பிஸ்டன் எங்கே இருக்கும்போது பொறி விழ வேண்டும் என்பது இக்னிஷன் டைமிங். “டைமிங் வைத்துக் கொடுங்கள்” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் பெரும்பாலும் அவர் பொறியை விழவைக்கும் பாயிண்டைத்தான் பார்ப்பார். கேம் டைமிங்கை இன்ஜினைச் சேர்க்கும்போது ஒருமுறை சரியாக வைத்துவிட்டால், கவரை மறுபடி திறக்கும்வரை அது மாறாது. செயின் கிடையாது, கியர்தான். நீண்டுபோக எதுவும் இல்லை.

டைமிங் கவருக்குள் என்னென்ன இருக்கும்?

பிஸ்டன் சுழற்றும் தண்டான க்ராங்கின் முனையில் ஒரு சிறிய கியர், அதாவது பினியன். அதற்கு மேலே இரண்டு பெரிய கியர்கள். ஒவ்வொன்றோடும் ஒரு கேம், அதாவது ஒரு பக்கம் மேடு உள்ள வட்டு, சேர்ந்தே இருக்கும்: முன்பக்கம் புகை வெளியேறும் வால்வுக்கான எக்ஸாஸ்ட், பின்பக்கம் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுக்கான இன்லெட். கேம் கியரில் பினியனைப்போல் இரண்டு மடங்கு பற்கள். அதனால் க்ராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அங்கிருந்து பின்னால் ஐட்லர் கியர்கள் வழியாக பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சுழற்சி போகிறது. பினியனை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டின்மேல் திருகுபோலப் பல் வெட்டியிருக்கும். அதற்கு வார்ம் என்று பெயர். ஆயில் பம்புகளை ஓட்டுவது அதுதான்.

கேமின் மேடு டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ் ராடைத் தூக்கும். அது ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வை அமுக்கும். வண்டியில் வால்வு செய்யும் வேலை எல்லாம் இந்த இரண்டு கியர் பற்கள் எங்கே கோத்திருக்கின்றன என்பதிலிருந்தே தொடங்குகிறது.

ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு கிரைண்டிங் செய்தேன். கேம் டைமிங் வைக்க வேண்டுமா?

வேண்டாம். பிஸ்டன், ரிங், போர் வேலைக்கும் வேண்டாம். டைமிங் கவரைத் திறந்து கேம் கியரையோ பினியனையோ வெளியே எடுத்தால்தான் இந்த வேலை. ஆனால் நீங்கள் வாங்கிய பழைய வண்டியை இதற்குமுன் யார் பிரித்தார்கள் என்றே தெரியாது என்றால், ஹெட் கழற்றும் சாக்கில் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை.

பிரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வார்ம் நட்டு இடது மரை. சாதாரண நட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளப் பைப்பைப் போட்டு “கழல மாட்டேங்குது” என்று இறுக்கிக்கொண்டே போய் க்ராங்க் முனையைப் பாழாக்கியவர்கள் உண்டு. அந்தச் செலவு மொத்த ரீபில்டையே நிறுத்திவிடும்.

கவரைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் பின் சக்கரத்தைச் சுழற்றி, கியரில் உள்ள குறிகள் ஒன்றையொன்று பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் நேர் எதிரே நின்று ஒரு போட்டோ. குறிகள் சேரவே இல்லையென்றால், அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்; வண்டி ஏன் இத்தனை நாள் இழுக்கவில்லை என்பதற்கான விடை ஒருவேளை அதுவாக இருக்கலாம். கேமுக்கு முன்னாலும் பின்னாலும் வாஷர் இருந்தால் எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்து, அந்தந்தக் கேமோடு கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். அப்புறம் கேம் மேட்டையும் டேப்பட்டின் அடிப்பாகத்தையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் மாற்றத்தான் வேண்டும். குழி விழுந்த டேப்பட்டைப் புதுக் கேமோடு சேர்த்தால் புதுக் கேமும் சீக்கிரம் போகும்.

சரி, குறியைச் சேர்ப்பது எப்படி?

முதலில் புஷ் ராடுகள் வெளியே இருக்க வேண்டும். அவை இருந்தால் வால்வு ஸ்பிரிங் டேப்பட்டை அமுக்கும். கேம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பி உங்களை அலைக்கழிக்கும். டேப்பட் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கேமில் எண்ணெய் நன்றாகத் தடவி, ஸ்பிண்டிலில் ஏற்றுங்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் இடம் மாறக் கூடாது.

கியரின் முகத்தில் புள்ளியோ கோடோ அடித்திருப்பார்கள். ஒரே மாதிரியான குறிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்: புள்ளிக்குப் புள்ளி, கோட்டுக்குக் கோடு. ஒரு பல்லில் உள்ள குறி, எதிர்க் கியரில் குறியுள்ள பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஒரு பல் தள்ளியிருப்பதுகூடச் சரியாக இருப்பதுபோல் தெரியும். முகத்தைக் கியருக்கு நேராக வைத்துப் பாருங்கள். கறுப்பேறிய பழைய கியரில் குறி தெரியாவிட்டால் பெட்ரோலில் கழுவி, குறிமேல் வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் வைத்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். நகப் பூச்சும் அந்த வேலையைச் செய்யும்.

கேம் வைக்கும்போது பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பில் இருக்க வேண்டுமா, எக்ஸாஸ்ட் டாப்பில் இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி பலரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. என் தூக்கத்தையும்தான். இதற்கு விடை: கவலையே வேண்டாம். கேம் உள்ளே போகும்வரை கம்ப்ரஷன் டாப், எக்ஸாஸ்ட் டாப் என்ற வித்தியாசமே இன்ஜினில் கிடையாது. பிஸ்டனுக்கு இரண்டும் ஒன்றுதான். வால்வு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயரே வருகிறது. குறியைச் சேர்த்துக் கேமை உட்கார வைத்த நொடியில் எது எந்த டாப் என்று கேமே தீர்மானித்துவிடும். அந்த வித்தியாசம் உண்மையில் தேவைப்படுவது பின்னால், பாயிண்ட் வைக்கும்போது.

குறிதான் இருக்கிறதே, டிகிரி வீல் எதற்கு?

டிகிரி வீல் என்பது க்ராங்க் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று அளக்கும் வட்டம். குறி போதும், அது எதற்கு என்று பத்து வருடம் நானும் சொன்னவன்தான்.

பழைய 350 ஒன்றை வாங்கி, முழுதாகப் பிரித்துச் சேர்த்தேன். இன்லெட் கேம் தேய்ந்திருந்ததால் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு கடையில் புதிது வாங்கினேன். பளபளவென்று இருந்தது. குறியைப் புள்ளி பிசகாமல் சேர்த்தேன். கிக் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் கிக்கரில் எதிர்ப்பே இல்லை. காலை வைத்தால் சும்மா இறங்கிப் போனது. ஐட்லிங்கில் கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் ஆவி புகைபோல வெளியே துப்பியது. ரிங்கைச் சந்தேகப்பட்டேன், வால்வு சீட்டைச் சந்தேகப்பட்டேன், ஹெட்டை இரண்டுமுறை இறக்கினேன். மூன்றாவது வாரம், எங்கள் தெருமுனையில் நாற்பது வருடமாகப் புல்லட் பார்க்கும் பெரியவர் வந்து கார்புரேட்டர் முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை நனைந்தது.

“தம்பி, இன்லெட் லேட்டா மூடுது. உள்ள போன காத்தைப் பிஸ்டன் வெளிய தள்ளுது.”

“குறியெல்லாம் சரியா இருக்குண்ணே.”

“குறி சரி. குறி வச்சவன் சரியா?”

அன்று ராத்திரியே அளந்தேன். டாப்புக்கு 30 டிகிரி முன்னால் திறக்க வேண்டிய இன்லெட், பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும்போதுதான் திறந்தது. ஒரு பல்லளவு தாமதம். புதுக் கேமில் குறியையே ஒரு பல் தள்ளி அடித்திருந்தார்கள். குறியை மறந்துவிட்டு ஒரு பல் முன்னே நகர்த்தி அளந்தபோது 28 வந்தது. மறுநாள் காலை கிக்கர்மேல் ஏறி நின்றால்தான் இறங்கியது.

நாற்பது ஐம்பது வருட வண்டிகளில் ஒரு கியர் ஒரு தயாரிப்பு, இன்னொரு கியர் இன்னொரு தயாரிப்பு என்று கலந்திருப்பது சகஜம். சிலவற்றில் முன்பிருந்த மெக்கானிக் தன் உளியால் ஒரு கூடுதல் குறி அடித்திருப்பார். அது எதற்கென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் குறியைச் சேர்த்தபின் ஒருமுறை அளப்பதை வேலையின் பாதியாகவே நான் வைத்துக்கொண்டேன்.

டிகிரி வீலுக்கு எங்கே போவது?

வாங்கவே வேண்டாம். 0 முதல் 360 வரை உள்ள வட்டத்தைக் கணினியில் அச்சிட்டு, பழைய சிடியில் ஒட்டுங்கள். வட்டம் பெரிதாக இருந்தால் படிக்க எளிது; எனவே கெட்டி அட்டையிலோ அலுமினியத் தகட்டிலோ இருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. இடது பக்கம் பிரைமரி கவரைக் கழற்றி, க்ராங்க் முனை நட்டில் வீலை அசையாமல் பிடிக்க வையுங்கள். சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றை வளைத்து, அருகில் உள்ள ஏதாவது ஒரு போல்ட்டில் கட்டினால் அதுதான் முள். முள்ளின் நுனி வீலைத் தொடாமல், ஆனால் ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். இடையில் அந்த முள் ஆடிவிட்டால் அதுவரை அளந்தது எல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

டாப்பை எப்படிச் சரியாகப் பிடிப்பது? பிளக் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவர் விட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. டாப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு டிகிரி, அந்தப் பக்கம் இரண்டு டிகிரி வரை பிஸ்டன் ஒரு தலைமுடிப் பருமன்கூட நகராது. கண்ணாலோ விரலாலோ அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. அதனால் டாப்பை நேராகத் தேடாமல், இரண்டு பக்கமும் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தி நடுவை எடுக்க வேண்டும்.

பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதன் உடலுக்குள் ஒரு நீள போல்ட்டைப் பொருத்துங்கள். முனையை உருட்டையாக ராவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் தலையில் வடு விழும். புஷ் ராடுகள் வெளியே இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். வால்வு இரண்டும் மூடியே இருக்கும், போல்ட்டில் இடிக்காது. பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு இந்தத் தடுப்பைப் பிளக் இடத்தில் திருகுங்கள். இப்போது க்ராங்கை மெதுவாகக் கையால் ஒரு பக்கம் திருப்பினால் பிஸ்டன் வந்து போல்ட்டில் முட்டி நிற்கும். முள் காட்டும் எண்ணைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தையும் குறியுங்கள். ஒரு பக்கம் 20, இன்னொரு பக்கம் 26 என்று வந்தால், இரண்டும் 23 ஆகும்படி வீலையோ முள்ளையோ நகர்த்துங்கள். இப்போது 0 காட்டுவதுதான் உண்மையான டாப். இன்னொருமுறை இரண்டு பக்கமும் முட்டவைத்துச் சரிபார்த்துவிட்டுத் தடுப்பைக் கழற்றுங்கள்.

என்ன எண்கள் வர வேண்டும்?

பழைய ஒர்க் ஷாப் மேனுவலில் உள்ள எண்கள் இவை. இன்லெட், டாப்புக்கு 30 டிகிரி முன்னால் திறந்து, பாட்டத்துக்கு 60 டிகிரி பின்னால் மூடும். எக்ஸாஸ்ட், பாட்டத்துக்கு 75 டிகிரி முன்னால் திறந்து, டாப்புக்கு 35 டிகிரி பின்னால் மூடும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். இந்த எண்கள் வால்வில் 12 தவ், அதாவது 0.30 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அளக்க வேண்டியவை. வண்டி ஓடும்போது வைக்கும் இடைவெளி அது இல்லை, அளப்பதற்கு மட்டும்தான். கேம் மேட்டின் தொடக்கம் செங்குத்தாக இருக்காது, மெல்லிய சரிவாக ஏறும். இடைவெளி இல்லாமல் அளந்தால் அந்தச் சரிவிலேயே வால்வு திறக்கத் தொடங்கிவிட்டதாகக் காட்டும். இன்லெட் ரொம்ப முன்னால் திறக்கிறது, எக்ஸாஸ்ட் ரொம்பப் பின்னால் மூடுகிறது என்று எல்லா எண்ணும் கலைந்து வரும். “கேமே தப்பு” என்று தூக்கிப் போட்டவர்களில் பாதிப்பேர் இந்த இடைவெளியை மறந்தவர்கள்தான் என்பது என் கணிப்பு.

வால்வு திறக்கும் நொடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே 0.30 ஃபீலர் கேஜ் பிடித்தும் பிடிக்காமலும் போய்வரும்படி புஷ் ராட் அட்ஜஸ்டரை வைத்துப் பூட்டுங்கள். ஃபீலரை எடுத்துவிடுங்கள். பிளக் கழற்றியிருக்கட்டும். வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னோக்கி மெல்ல மெல்ல நகர்த்துங்கள். ஒரு கையின் இரண்டு விரல்களால் புஷ் ராடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருங்கள். இலகுவாக உருளும். ஒரு கட்டத்தில் விரலில் லேசான பிசுபிசுப்பு தெரியும். அடுத்த நொடி ராட் பிடித்துக்கொள்ளும். அதுதான் திறக்கும் இடம். முள்ளைப் படியுங்கள். மூடும்போது இதற்கு நேர்மாறு: பிடித்திருந்த ராட் விடுபட்டு உருளும் இடம்.

சக்கரம் எப்போதும் முன்னோக்கியே போக வேண்டும். குறித்த இடத்தைத் தாண்டிவிட்டால், இம்மியளவு பின்னால் இழுத்து வைக்கக் கூடாது. நன்றாக ஒரு முப்பது நாற்பது டிகிரி பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். கியர் பற்களுக்கு நடுவே சற்று ஆட்டம் இருக்கும். பின்னால் இழுத்த உடனே அளந்தால் அந்த ஆட்டம் முழுக்க உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். நான் ஒவ்வொரு எண்ணையும் மூன்றுமுறை எடுப்பேன். மூன்றும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள் வந்தால்தான் எழுதிக்கொள்வேன்.

இன்னும் துல்லியமாக அளக்க வழி உண்டா?

டயல் கேஜ் இருந்தால் உண்டு. திறக்கும் நொடியைத் தேடுவதை விட்டுவிட்டு, வால்வு அதிகபட்சம் திறந்திருக்கும் இடத்தைப் பிடியுங்கள். கேஜை வால்வு ஸ்பிரிங்கின் மேல்தட்டில் வைத்து, முழுத் திறப்பில் 0 ஆக்குங்கள். திறந்துகொண்டு வரும்போது உச்சத்துக்கு 1 மில்லிமீட்டர் குறைவான இடத்தில் ஒரு எண். உச்சம் தாண்டி 1 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் ஒரு எண். இரண்டின் நடு எங்கே விழுகிறதோ அதுதான் கேமின் நடு. 63, 147 என்று வந்தால், கூட்டி இரண்டால் வகுத்தால் 105.

மேலே சொன்ன மேனுவல் எண்களிலிருந்து இதையே கணக்குப் போடலாம். இன்லெட் மொத்தம் 30 + 180 + 60 = 270 டிகிரி திறந்திருக்கிறது; பாதி 135; அதிலிருந்து 30 போனால் டாப்புக்குப் பின்னால் 105. எக்ஸாஸ்ட் மொத்தம் 290, பாதி 145, அதிலிருந்து 35 போனால் டாப்புக்கு முன்னால் 110. மேடு கொஞ்சம் தேய்ந்த கேமிலும் இந்த நடு அவ்வளவாக நகராது என்பதால் பழைய பாகங்களுக்கு இந்த வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

என் எண்கள் மேனுவலோடு ஒத்துவரவில்லை. எவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை?

ஐந்து டிகிரிக்குள் என்றால் நான் மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இது 18 குதிரைசக்தி நெடுந்தூர வண்டி, பந்தய வண்டி இல்லை. அதற்கு மேல் போனால் முதலில் டாப்பையும் 0.30 இடைவெளியையும் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் தவறு அளந்ததில்தான் இருக்கும்.

அளந்தது சரி, அப்போதும் எண் தள்ளியே வருகிறது என்றால், கேம் கியரின் பற்களை எண்ணுங்கள். 720-ஐ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு பல் மாறினால் க்ராங்கில் எத்தனை டிகிரி மாறும் என்று தெரியும். உதாரணத்துக்கு 40 பல் என்றால் 18 டிகிரி. உங்கள் வித்தியாசம் கிட்டத்தட்ட அந்த அளவு என்றால் பல் மாறியிருக்கிறது. ஒரு கேம் மட்டும் தள்ளியிருந்தால் அந்தக் கேமைப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் கோளாறு பினியன் பக்கம்: ஒரு பல் மாறிக் கோத்திருக்கலாம், அல்லது பினியனைக் க்ராங்கோடு பூட்டும் சிறு கட்டையான சாவி நசுங்கிப் பினியன் கொஞ்சம் திரும்பியிருக்கலாம்.

எட்டுப் பத்து டிகிரி, அதாவது அரைப் பல் அளவு, என்று நடுவில் மாட்டிக்கொண்டால் பல்லை மாற்றிப் பயனில்லை. வேறு கேம் வாங்கிப் போட்டு அளந்து பார்ப்பதுதான் நேர்வழி. படி வெட்டிய சாவி செய்து பினியனைத் திருப்புவோரும் உண்டு. ஆனால் அது இரண்டு கேமையும் சேர்த்தே நகர்த்தும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு பல் மாறினால் வண்டியில் எப்படித் தெரியும்?

இன்லெட் தாமதமானால் என் கதைதான்: கிக்கரில் பலம் இருக்காது, கார்புரேட்டர் துப்பும், மேட்டில் ஏறாது. இன்லெட் முன்னால் போனால் கம்ப்ரஷன் இறுகும், சில சமயம் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், வேகத்தில் மூச்சு வாங்கும். எக்ஸாஸ்ட் முன்னால் போனால் சத்தம் வெடிப்பாக வரும், சைலன்சர் வளைவு சீக்கிரம் நீலம் பாரிக்கும், இழுவை குறையும். எக்ஸாஸ்ட் தாமதமானால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டு ஐட்லிங் நிற்காது. இவற்றில் பலவற்றைத் தவறான பாயிண்டும் கார்புரேட்டரும்கூட உண்டாக்கும். அறிகுறியை வைத்து கவரைத் திறக்காதீர்கள். முதலில் டேப்பட், பாயிண்ட், பிளக், கார்புரேட்டர்.

வால்வு பிஸ்டனில் இடித்துவிடுமா?

சேர்த்து முடித்ததும் பிளக் இல்லாமல் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் போடாதீர்கள். ஒருபோதும் கிக்கரால் முதல் சுற்றைச் சுற்றாதீர்கள். வேறு பிஸ்டனோ, செதுக்கிய ஹெட்டோ, வேகக் கேமோ போட்டிருந்தால் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் வால்வுக்கு நேரே அப்பி, ஹெட்டை இறுக்கி, இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். மண் நசுங்கி நிற்கும் கனம் இன்லெட்டில் 1.5, எக்ஸாஸ்ட்டில் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எனக்குப் பயம்.

இரண்டு சுற்று சுற்றியபின் குறிகள் மறுபடி சேர வேண்டுமா?

புல்லட்டில் சேர வேண்டும். க்ராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று, எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் எல்லா இன்ஜினும் இப்படி இல்லை. பழைய ட்ரையம்ப் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பினியனுக்கும் கேம் கியர்களுக்கும் நடுவே ஒரு இடைக் கியர் உண்டு. அதில் 47 பல். அங்கே குறிகள் ஒருமுறை சேர்ந்தால் அடுத்து க்ராங்க் 94 சுற்றுச் சுற்றினால்தான் சேரும். நண்பர் ஒருவர் இது தெரியாமல், “வைத்த குறி காணாமல் போகிறது” என்று மூன்றுமுறை பிரித்தார்.

கவரை மூடும்போது என்ன கவனம்?

ஆயில் பம்பை ஓட்டும் தண்டின் பல் கவருக்குள் இருக்கும்; அது வார்மோடு கோத்துக்கொள்ள வேண்டும். கவரை லேசாக அழுத்திக்கொண்டே க்ராங்கை மெதுவாகச் சுழற்றினால் தானாக உள்ளே போய் உட்காரும். ஸ்க்ரூவை இறுக்கி இழுத்து உட்கார வைத்தால் பல் போய்விடும். க்ராங்க் முனைக்குள் எண்ணெய் போகும் இடத்தில் ஒரு சிறு கார்க் சீல் இருக்கும். சில ரூபாய்ப் பொருள். ஆனால் பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டனின் ராட் க்ராங்கோடு சேரும் இடத்துக்கு, எண்ணெய் போவதே அதன் வழியாகத்தான். புதிது போடாமல் கவரை மூடாதீர்கள்.

ஓடுவதற்கு டேப்பட்டை எப்படி வைப்பது?

அளக்க வைத்த 0.30-ஐ மறக்காமல் எடுத்துவிடுங்கள். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பில். இன்லெட் புஷ் ராட் விரலால் தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட்டுக்கு அதைவிடத் துளி தளர்வு. இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் வைப்பதே சரி.

எல்லாம் சரி, ஆனால் ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெடிக்கிறது. கேம் தப்பா?

நீங்கள் அளந்திருந்தால், இல்லை. பாயிண்ட் ஒரு சுற்று மாறியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்போல அரை வேகத்தில்தான் சுற்றுகிறது. எக்ஸாஸ்ட் டாப்பில் வைத்துவிட்டால் கம்ப்ரஷனில் பொறியே விழாது. கம்ப்ரஷன் டாப்புக்கு வாருங்கள், இரண்டு புஷ் ராடும் உருளும் இடம்தான் அது. அங்கிருந்து பிஸ்டன் டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்கும்படி வையுங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி திறந்து பார்க்க வேண்டுமா?

ஸ்டார்ட் ஆனதும் ஹெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் வரவில்லையென்றால் உடனே அணையுங்கள். வந்தால் இறுக்கிவிட்டு ஓட்டுங்கள். இன்ஜின் ஆறிய பின் ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும், ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி அதே இரண்டையும் பாருங்கள். டைமிங் கவரைத் தொட வேண்டாம். நீங்கள் எடுத்த நான்கு எண்களையும் தேதி போட்டு எழுதி, சீட்டுக்கு அடியில் உள்ள டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த வண்டியைப் பிரிப்பவர் உங்கள் பேரனாக இருக்கலாம்.